ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்களுக்கு

சிரம்பானில் இருந்தும் கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்தும் போர்ட்டிக்சன் போகிற சைக்கிள் கூட்டம் நெகிரி செம்பிலானில் எங்கள் ரந்தாவ், சிலியாவ் பக்கம் வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வரட்டும், நன்றாக மிதிக்கட்டும், கடையில் ரொட்டி சானாய் பசியாறட்டும், நம் ஆட்களுக்கும் நாலு காசு கிடைக்கும். அவர்கள் போன பிறகு ரோட்டோரத்தில் கிடப்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

முன்பெல்லாம் போத்தலும் டின்னும்தான். இப்போது ஜெல் பாக்கெட், அதாவது மிதிக்கத் தெம்புக்கு உறிஞ்சுகிற இனிப்புக் கூழ். பளபளவென்று சின்னதாக இருக்கும், பல்லால் மூலையைக் கிழித்து உறிஞ்சிவிட்டு ஓடுகிற சைக்கிளில் இருந்தே விட்டுவிடுகிறார்கள். கிழித்த மூலை ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம். உள்ளே ஒட்டியிருக்கிற இனிப்புக்கு எறும்பு மொய்க்கும், எறும்பு மொய்த்தால் பரவாயில்லை, ஆடு மாடும் நக்கும். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறை அது. மட்கவும் மட்காது, பழைய சாமான் வாங்குகிறவரும் சீண்டமாட்டார். வயிற்றில் பிளாஸ்டிக் சேர்ந்த மாடு தீனி எடுக்காமல், வயிறு உப்பி நிற்பதை மாடு வளர்க்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் அந்தக் குட்டி இரும்புக் குப்பி. 16 கிராம் கரியமில வாயு அடைத்தது, பங்சர் ஒட்டியதும் டயரில் நொடியில் காற்றை ஏற்றிவிடும், வேலை முடிந்ததும் புல்லுக்குள் போய்விடும். புல் வெட்டும் மெஷின் அதில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும், யார் காலைப் பதம் பார்க்கும்? பழைய டியூப் பக்கத்துக் கிளையில் தொங்கும். பால்மரம் சீவிப் பிழைத்த ஊரில் கொண்டுவந்து டியூபைத் தொங்கவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து செய்த பியூட்டைல் ரப்பர், நம் மரத்துப் பால் ஒரு சொட்டுகூட அதில் இருக்காது!

காரில் போகிற காடிக்காரன் போடாத குப்பையா என்று கேட்பீர்கள். போடுகிறான், உங்களைவிட அதிகமாகவே போடுகிறான், நாசி லெமாக் பொட்டலத்தில் இருந்து பிள்ளையின் பம்பர்ஸ் வரை. ஆனால் அவன் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். லோரி ஒதுங்கிப் போக வேண்டும், நாயைக் கட்டிப் போட வேண்டும், போத்தலில் தண்ணீர் பிடிக்க வேண்டும், முனீஸ்வரர் கோயில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சரி, உட்காருங்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற இடத்தில், சூலத்துக்குப் பின்னால் காலி போத்தலைச் செருகிவிட்டுப் போவது என்ன பழக்கம்?

தெரியாமல் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே ஆட்கள் புத்ராஜெயா ஏரிக்கரையில் இப்படிப் போடமாட்டார்கள். இங்கே இரண்டு பக்கமும் செம்பனை, லயத்து வீடுகளில் பாதி காலி, மீதியில் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகள். அதைப் பார்த்துவிட்டு இது ஆள் இல்லாத காடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆள் இருக்கிறோம் ஐயா. மழை பெய்து உங்கள் போத்தலில் தண்ணீர் தேங்கினால் ஏழு, பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும், அது கேஎல் வரைக்கும் உங்களைத் தேடி வராது, எங்களைத்தான் கடிக்கும். இதில் சுகாதார அதிகாரி வந்து எங்கள் பூந்தொட்டித் தட்டில் புழு கண்டால் கொம்பாவுண்ட் அபராதம் எங்களுக்கு.

பந்தயக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். லங்காவி சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் போத்தலை வீசுவதும், பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவதும் நாம் டிவியில் பார்த்ததுதான். இப்போது பந்தயத்திலேயே அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ரசிகர்கள் பக்கம் போத்தலை எறிந்ததற்காக மைக்கேல் ஷேர் என்ற சுவிஸ் வீரரைப் பந்தயத்தை விட்டே வெளியேற்றினார்கள். அது ரொம்பக் கடுமை என்று பலர் சத்தம் போட்டு, பிறகு தண்டனையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் குறித்த இடத்தில்தான் போட வேண்டும் என்பது மாறவில்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கே அந்தக் கதி, நீங்கள் யாருக்காக நொடி மிச்சம் பிடிக்கிறீர்கள்?

நம் நாட்டிலும் 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், 12 மணி நேரம் வரை சமூகச் சேவை என்று சட்டம் வந்துவிட்டது. நெகிரி செம்பிலானுக்கும் உண்டு. ஆனால் தோட்டத்து வளைவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்த அதிகாரி வந்து நிற்கப்போகிறார்?

தொட்டி வையுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வைத்தால் குரங்கு கவிழ்த்துவிடும், தினமும் யார் வந்து அள்ளுவது? உங்கள் சட்டைக்குப் பின்னால் மூன்று பை இருக்கிறது, ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். ஜெல்லின் மூலையை முழுசாகக் கிழிக்காமல் தொங்கலாக விட்டால் அது தனியாகப் பறக்காது. பசியாற நிற்கிற கடையில் அக்காவிடம் கேளுங்கள், பின்பக்கம் பெரிய குப்பைத் தோங் இருக்கிறது, அதில் போட்டுக்கொள்ள விடுவார்.