பம்ப் மாட்டினால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமா?

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: "இன்சுலின் பம்ப் வைத்தால் சர்க்கரை பார்க்கவே வேண்டாம், இஷ்டம்போல் சாப்பிடலாம், மிஷின் பார்த்துக்கொள்ளும்." தவறு, அதிலும் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பே இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை நம்பினால் ஆபத்து.

முதலில், பம்ப் ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கிற பொருள் இல்லை. இடுப்பில் மாட்டும் சின்னக் கருவி, தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்த ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாமேதான் இடம் மாற்றிக் குத்த வேண்டும். சாதாரண பம்ப்புக்கு உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று தெரியவே தெரியாது. சர்க்கரையை அளக்கும் சென்சாரோடு சேர்ந்து தானே இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வகை உண்டு, 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி அப்படித்தான், ஆனால் அதிலும் நாலு இட்லி சாப்பிடப் போகிறேன் என்றால் அதில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் போட்டு நாம்தான் சொல்ல வேண்டும் (சாம்பாரில் உள்ள பருப்பையும் மறக்கக் கூடாது).

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டும். நாள் முழுக்க நிற்கும் ஊசி மருந்து உடம்பில் இருக்காது. இரவில் குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி, வாந்தி, மூச்சு வாங்கல் என்று ஆஸ்பத்திரி வரை போய்விடும். காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறினால் கீட்டோன் பாருங்கள், மருத்துவர் சொன்ன அளவு இன்சுலினை இன்சுலின் பேனாவிலோ சிரிஞ்சிலோ போட்டுவிட்டு, அப்புறம் குழாயை மாற்றுங்கள். அதனால்தான் பம்ப் போட்டவர்கள் பையிலும் எப்போதும் ஊசி இருக்கும்.