முதல் தவணைக்கு முன்னால் முதல் சம்பளம்

கல்விக் கடன் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு உடனே வட்டிக்குப் போய்விடுகிறது. எத்தனை சதவீதம், யாருக்குச் சலுகை, தேர்தல் வந்தால் தள்ளுபடி உண்டா என்றே ஓடும். வட்டி முக்கியம்தான். ஆனால் கடன் வாங்கிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாட்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது வட்டி இல்லை, தேதி. படிப்பு முடிந்து இத்தனையாவது மாதம் தவணை தொடங்கும் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. வேலை கிடைத்ததா என்று அந்த வரிக்குக் கவலை இல்லை. எனக்கு வேலைக்கான கடிதம் வருவதற்கு முன்பே தவணைக்கான கடிதம் வந்துவிட்டது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த அப்பா அதைப் படித்தார், மடித்தார், அலமாரியில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டுக் கடன் கட்டவில்லை என்றால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். படிப்புக் கடன் கட்டவில்லை என்றால் எதை எடுப்பது? தலைக்குள் இருப்பதை ஜப்தி செய்ய முடியாது. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955லேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார். கடனாகக் கொடுக்காமல், படித்தவரின் பிற்கால வருமானத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. அவருடைய மற்ற பல கருத்துகளோடு எனக்கு ஒத்துப்போகாது, அது வேறு கதை. இந்த இடத்தில் மனிதர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்.

அதைச் சற்று மாற்றி, கடனாகவே வைத்து, நாடு முழுக்கச் செய்து காட்டியது ஆஸ்திரேலியா. 1974 முதல் அங்கே பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை. 1989இல் மறுபடி கட்டணம் வந்தது, ஆண்டுக்கு 1,800 டாலர். ஆனால் சேரும்போது கையில் பணம் இருக்க வேண்டியதில்லை. படித்து முடித்து, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வருமான வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். இந்தத் திட்டத்தை வடிவமைத்ததில் பெரும்பங்கு புரூஸ் சாப்மன் என்ற பொருளியலாளருடையது. எனக்கு இதில் பிடித்த விஷயம், யாரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கடன் படித்தவர் பெயரில் மட்டும்தான். வங்கிக்கு நம் சம்பளம் தெரியாது, வரித்துறைக்குத் தெரியும். அரசு கடன் கொடுப்பதில் உள்ள பெரிய வசதியே அதுதான். அதை வைத்துக்கொண்டு வட்டிக் கடைக்காரர் மாதிரி தேதி குறித்து வசூலிப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

"அப்படி விட்டால் எவனும் கட்டமாட்டான்" என்று ஒருவர் வருவார். இங்கிலாந்தில் வரம்புக்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்த 9 சதவீதத்துக்குப் பயந்து சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்கிறவரை எனக்குக் காட்டுங்கள். வெளிநாடு போய்விட்டால் பிடிக்க முடியாது என்பது மட்டும் நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா அந்த ஓட்டையை 2017இல்தான் அடைத்தது. வெளிநாட்டில் இருந்தாலும் வருமானத்தைச் சொல்லி, கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோர் வரிக்கணக்குக்குள்ளேயே வராத நாட்டில் இந்த ஏற்பாடு நொண்டும். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். இப்படி வலிக்காத கடன் கையில் இருந்தால் அரசுக்குக் கட்டணத்தை ஏற்றுவது சுலபமாகிவிடுகிறது. இங்கிலாந்தைப் பாருங்கள். 1998இல் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சம் 1,000 பவுண்டு. 2006இல் 3,000. 2012இல் 9,000. ஏற்றிய இரண்டு முறையும் "இப்போது யாரும் கையிலிருந்து கட்டப் போவதில்லையே" என்பதுதான் பதில். ஏழை மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் 2016இல் நிறுத்திவிட்டு அதையும் கடனாக்கினார்கள். 2012இல் சேர்ந்தவர்களுக்கு 30 ஆண்டில் மிச்சக் கடன் ரத்தாகும் என்றார்கள், 2023இல் சேர்ந்தவர்களுக்கு அது 40 ஆண்டு. பதினெட்டு வயதில் வாங்கிய கடன் அறுபதைத் தொடும் வரை கூடவே வரும்!

ஆஸ்திரேலியாவிலும் எல்லாம் சுகம் இல்லை. அங்கே வட்டி என்று தனியாகக் கிடையாது, விலைவாசிக்கு ஏற்ப அசல் ஏறும். 2023இல் விலைவாசி எகிறியதால் கடன் பாக்கி ஒரே அடியாக 7.1 சதவீதம் ஏறியது. வருடம் முழுக்கக் கட்டியவர்களில் பலருக்குப் பாக்கி குறையவில்லை, கூடியிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு, விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் ஏற்றுவது என்று விதியை மாற்றினார்கள். 2025இல் எல்லோருடைய பாக்கியிலும் 20 சதவீதத்தைக் குறைக்கச் சட்டமும் போட்டார்கள்.

அமெரிக்கா இன்னொரு கதை. அங்கே நெடுங்காலம் வழக்கமான ஏற்பாடு பத்து ஆண்டு, மாதத் தவணை. தொழில் நொடித்தவர் மஞ்சள் கடிதாசி கொடுத்துக் கடனிலிருந்து தப்பலாம், அரசிடம் படிக்கக் கடன் வாங்கியவர் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாதபடி 1998இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கோடிக்கணக்கானோருக்குத் தள்ளுபடி தர அரசு போட்ட திட்டத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தள்ளுபடி கிடைத்திருந்தால் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வருடம் சேரும் பிள்ளை அதே விண்ணப்பத்தில், அதே வரியின் கீழேதானே கையெழுத்துப் போடும்?

அதனால் எனக்கு ஒரு நாளைக்கு அறிவிக்கும் தள்ளுபடியைவிட விண்ணப்பத்தில் உள்ள அந்த வரியை மாற்றுவது பெரிதாகத் தெரிகிறது. வருமானம் இந்த அளவைத் தாண்டிய பிறகே தவணை. பெற்றோர் கையெழுத்து வேண்டாம். ஒருவர் கையெழுத்திட்ட நாளில் இருந்த விதியைப் பாதியில் அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. கட்டணத்துக்குத் தனியாக ஒரு கடிவாளமும் வேண்டும், இல்லாவிட்டால் இங்கிலாந்துக் கதைதான்.

என் கடன் முடிந்து சில வருடங்கள் ஆகின்றன. கடைசித் தவணை கட்டிய ரசீதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அப்புறம், "அப்போ நான் போட்ட கையெழுத்து இனிமே செல்லாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.