அரை நிமிடம் லேட்டாக வரும் கோல்

என் வீட்டிலிருந்து கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம் நடந்து போகிற தூரம்தான். டிக்கெட் கையில் இருந்தது, மலேசியக் கால்பந்து அணியின் மஞ்சள் ஜெர்சியும் துவைத்துக் காய்ந்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேலதிகாரியிடமிருந்து வாட்ஸப்: "தம்பி, இன்னிக்கு ராத்திரி டேட்டாபேஸ் மாத்தணும். சின்ன வேலைதான்." ஐடியில் எவன் சின்ன வேலை என்று சொன்னாலும் அன்றைக்குச் சிவராத்திரிதான்.

டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். கைப்பேசியில் ஆட்டம் ஓடுகிறது, அதுவும் அரை நிமிடம் லேட். ஜன்னல் வழியாக அரங்கமே அதிர்கிற சத்தம் வருகிறது; கைப்பேசியிலோ நம் ஆள் கார்னர் அடிக்கப் பந்தையே இன்னும் வைக்கவில்லை. கோல் என்று தெரிந்த பிறகு கோலைப் பார்ப்பது ஆறிப்போன தே தாரிக் டீ குடிக்கிற மாதிரி. லேப்டாப்பில் நீலக்கோடு 97 சதவீதத்தில் நிற்கிறது.

2010-இல் நம்ம ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்காசிய அணிகளின் சுசுகி கோப்பை இறுதியின் முதல் ஆட்டம், இதே அரங்கம், இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம். அப்போது நான் மாணவன், நேரில் கத்தினேன். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தென்கொரியாவை 3-3 என்று மடக்கியபோது? ஏதோ சர்வர் விழுந்துகிடந்தது. அந்தக் கடைசி நேர கோலை ஆபீஸ் கழிப்பறையில் நின்று பார்த்தேன்.

பதினொன்றரைக்குப் பையன் கதவைத் தட்டினான். தொண்டை கட்டியிருந்தது. "அண்ணே, செம ஆட்டம்ணே!"

97 இன்னும் 97தான்.