செஞ்சியில் கதை சொல்பவர்களை அடிக்க வராதீர்கள்

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சிக் கோட்டைக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதிலிருந்து முகநூலில் ஒரே உபதேசம்: "தேசிங்கு வெளியூர்க்காரன், ஆண்டது சில மாதம், ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை."

முதல் இரண்டும் சரிதான். தேசிங்கு, அதாவது தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரன். அப்பா சொரூப் சிங் இறந்ததும் வந்து உட்கார்ந்தவன், கப்ப பாக்கித் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714 அக்டோபரில் செத்துப்போனான். கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் அவனுக்கு முன்பே இருந்தவை. 1690-களில் முகலாயர் வருஷக்கணக்கில் முற்றுகையிட, சிவாஜியின் மகன் ராஜாராம் தாக்குப்பிடித்ததும் இதே மதிலுக்குள்தான்.

கட்டுக்கதை என்று ஒதுக்குவதில்தான் எனக்குச் சண்டை. பக்கத்திலேயே சிங்கவரம் இருக்கிறது. பல்லவர் காலக் குடைவரை, உள்ளே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். போருக்குப் போகுமுன் தேசிங்கு உத்தரவு கேட்டானாம், பெருமாள் "இன்று வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மீறிப் போனான், முடிந்தான். சிலை அவனுக்குப் பல நூறு வருஷம் மூத்தது, முகம் அப்படித்தான் செதுக்கப்பட்டிருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் கதையைக் கவனியுங்கள்: ஊரே கொண்டாடுகிற வீரனை "நீ போயிருக்கக் கூடாதுப்பா" என்று சாமி வாயால் சொல்ல வைத்திருக்கிறார்கள். வெறும் புகழ்ச்சியாக இருந்தால் இது எதற்கு? கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து தேசிங்குக்காகச் சாகிற நண்பன் மோவுத்துக்காரன் ஒரு முஸ்லிம். இதை மதச் சண்டையாக்கப் பார்ப்பவர்கள் கதைப்பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசலாம்.

அப்புறம் ஆனந்தக்கோன். ஆடு மேய்க்கும்போது புதையல் கிடைத்து, 1200 வாக்கில் முதல் கோட்டையைக் கட்டினார் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய சுவடிகளிலும் இது இருக்கிறது. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக்கோன் பெயரால்தான் இந்தக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையாம். புதையலை நான் நம்பவில்லை. ஆனால் கோட்டையின் இன்னொரு மலையான ராஜகிரியின் உச்சிப் பக்கம் ஊற்று உண்டு. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் இருப்பதை ராஜாவுக்கு முன்னால் ஆடு மேய்ப்பவன்தானே கண்டிருப்பான்? தண்ணீர் இல்லாத மலையில் எவன் கோட்டை கட்டுவான்?

ராஜகிரி ஏறுபவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், பாறை சுடும். இறங்கியதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாமல் சிங்கவரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே யாராவது கதை சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். 1714 கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.