தலைவலி நின்றுவிட்டது, சரி. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாளா?

கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்கிற காயம், வந்த பிள்ளையிடம் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி "இன்னும் தலை வலிக்குதா?" என்பதுதான். கோச் கேட்கிறார், டாக்டர் கேட்கிறார், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வாட்ஸ்அப்பில் கேட்கிறார். பிள்ளை இல்லை என்றதும் எல்லாருக்கும் நிம்மதி, அடுத்த கிழமையே றக்பி சப்பாத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. தலைவலி போவது ஒன்று, மூளை பழைய நிலைக்கு வருவது வேறொன்று. அதுவும் விளையாட ஆசைப்படுகிற பிள்ளையிடம் வலிக்கிறதா என்று கேட்டு என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளையை விளையாட்டில் சேர்த்த எல்லாரும் ஒவ்வொரு வருடமும் கன்கஷன் பாதுகாப்புக்கான ரோவன் சட்டத்துக்காக ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கிறோம். எத்தனை பேர் அதை வாசித்துவிட்டு வைக்கிறோமோ தெரியாது. ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாப் பிள்ளை, வயது 17, பள்ளிக்கூடப் பெண்கள் றக்பி அணியின் கப்டன். 2013 மே மாதம் ஒரு கிழமைக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டது. கடைசி ஆட்டத்தில் விழுந்தவள் நாலு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். முதல் அடி ஆற முன்னர் அடுத்த அடி விழுந்ததால் மூளை வீங்கிவிட்டது. தனக்கு கன்கஷனாக இருக்குமோ என்று அவள் இணையத்தில் தேடியிருந்தாள், சிநேகிதிகளுக்கு மெசேஜும் போட்டிருந்தாள். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. 2015 மரண விசாரணையில் ஜூரி 49 பரிந்துரைகள் கொடுத்தது, 2018இல் சட்டம் வந்தது. நான் மதிக்கிற சட்டம். ஆனால் பிள்ளையை மைதானத்திலிருந்து வெளியே எடுப்பதைப் பற்றி நாங்கள் படித்த அளவுக்கு, எப்போது திரும்ப உள்ளே விடுவது என்பதைப் படிக்கவில்லை.

அங்கேதான் சமநிலை வருகிறது. நாங்கள் விழாமல் நிற்பதற்கு உட்காது, கண், கழுத்திலும் காலிலும் இருந்து போகிற தகவல் மூன்றும் வேண்டும், அவற்றை மூளை சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கன்கஷனில் குழம்புவது பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான். பகல் வெளிச்சத்தில் கண் மற்றதைச் சமாளித்துவிடும், அதனால் பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை நல்லாயிருக்கிற மாதிரியே தெரியும். என் மகளுக்குப் போன சீசனில் ஒரு டாக்கிளில் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து விழுத்துவது) பின்பக்கமாக விழுந்து தலை அடிபட்டது. சில நாளில் தலைவலி நின்றுவிட்டது, ஒரு வாக்-இன் கிளினிக்கில் விளையாடலாம் என்று கடிதமும் தந்துவிட்டார்கள். வீட்டில் பார்த்தால் இவள் தலைக்கு ஷாம்பூ போடும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கிறாள், படியில் இறங்கக் கைபிடியைத் தேடுகிறாள், கொஸ்கோ கடையில் இரண்டு பக்கமும் சாமான் அடுக்கிய நடைபாதைக்குள் போனால் குமட்டுகிறது என்கிறாள். கடிதம் எழுதியவர் அவளை நாற்காலியை விட்டு எழும்பச் சொல்லவே இல்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. இடுப்பில் கை, கண் மூடி, 20 விநாடி. முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து, பிறகு ஒற்றைக் காலில், பிறகு ஒரு காலின் குதிக்குப் பின்னால் மற்றக் காலின் விரல் படுகிற மாதிரி. கை எடுத்தால், கண் திறந்தால், தடுமாறினால் ஒவ்வொன்றும் ஒரு பிழை. ஃபோம் மெத்தையில் நிற்க வைத்தால் இன்னும் கடினம். இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பிழைகளின் எண்ணிக்கை சில நாட்களிலேயே பழையபடி குறைந்துவிடும், திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கத்திலேயே நல்ல புள்ளி வரும். ஆகவே இதில் பாஸ் என்றால் குணம் என்று அர்த்தமில்லை. நடந்துகொண்டே 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல் என்று இரண்டு வேலை கொடுத்தால்தான் பலருக்குக் குட்டு வெளிப்படுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளில் இந்த வித்தியாசம் இரண்டு மாதம் வரைகூட இருந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். றக்பியில் ஓடிக்கொண்டே பந்தைப் பார்த்து, எதிரில் வருகிறவளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், ஒரு வேலையா அது!

இரண்டாவது சிக்கல் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் பொருந்தும். சின்ன வயதிலிருந்து பரதம் பழகிய பிள்ளை அரைமண்டியிலும் ஒற்றைக் காலிலும் நின்று வளர்ந்தவள். அவளுடைய சமநிலை பாதி கெட்டாலும் சராசரிப் பிள்ளையின் அளவுக்கு வந்து நிற்கும், "நோர்மல்" என்று எழுதிவிடுவார்கள். சீசன் தொடங்க முன்னர் அவளுடைய அளவு என்ன என்று எடுத்து வைத்திருந்தால் மட்டும்தான் விழுந்த பிறகு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். ஒரு ஸ்டொப்வொச், ஒரு தாள், பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். இதற்குக்கூட நேரமில்லை என்கிற அணிகளுக்கு ஜேர்சி டிசைன் பண்ண மட்டும் நேரமிருக்கிறது.

அப்புறம், காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு: கன்கஷனுக்குப் பிறகு திரும்பி விளையாடுகிறவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயம் வருகிற வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிய வந்தது. அடுத்த மாதம் முழங்கால் தசைநார் கிழிந்தால் அதை யாரும் பழைய தலையடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கன்கஷன் பற்றிய உலக வழிகாட்டுதல்களுக்கு அடிப்படையாக எடுத்த ஆய்வுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பங்குபற்றியவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குதான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2018இல் நரம்புக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்ததில் பெண்களின் நரம்பிழைகள் மெல்லியவை, ஒரே அளவு இழுவைக்கு அதிகம் சேதப்பட்டன. கழுத்துப் பலமும் சராசரியாகக் குறைவு, அதனால் விழும்போது தலை சொடுக்கிக்கொண்டு போய் நிலத்தில் அடிபடுகிறது. எங்கள் பிள்ளைகள் பலர் ஹைஸ்கூலுக்கு வந்துதான் முதல்முறை பந்தைத் தொடுகிறார்கள், விழுவதற்கே பழகியிருக்க மாட்டார்கள். உலக றக்பி அமைப்பே, தலையில் விழுகிற அடியை அளக்கிற ஸ்மார்ட் மவுத்கார்டில் எச்சரிக்கை அளவைப் பெண்களுக்கு 65ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு), ஆண்களுக்கு 75ஜி என்று பிரித்துத்தான் வைத்தது. மாதவிடாய் குழம்புவதும் கன்கஷனுக்குப் பிறகு நடக்கிற விஷயம். அதை எந்த டாக்டரும் தானாகக் கேட்டு நான் காணவில்லை, நீங்களாகச் சொல்லுங்கள்.

மாமிமார் உடனே "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த விளையாட்டு" என்று தொடங்க வேண்டாம். 2025 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் கனடாப் பெண்கள் 81,000 பேருக்கு மேல் பார்த்திருக்க இங்கிலாந்தோடு விளையாடினார்கள். தோற்றார்கள்தான், ஆனாலும் அதைப் பார்த்த எங்கள் பிள்ளைகளை இனிப் பிடித்து வைக்க ஏலாது, பிடித்து வைக்கவும் வேண்டாம். கழுத்துக்குப் பயிற்சி கொடுங்கள், டாக்கிள் எப்படிச் செய்வது, எப்படி விழுவது என்று ஒழுங்காகப் பழக்குங்கள்.

அடிபட்டால் இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கிற காலமும் போய்விட்டது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, ஃபோனைக் குறைப்பது, பிறகு மெல்ல நடக்கத் தொடங்கலாம். தலைச்சுற்றும் கழுத்து நோவும் பத்து நாளுக்கு மேல் இழுத்தால் கழுத்துக்கும் உட்காதுக்கும் வேலை செய்யத் தெரிந்த பிசியோவிடம் போக வேண்டும். கல்கரியில் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வு சின்னதுதான், 31 பேர். ஆனால் அந்தச் சிகிச்சை கிடைத்தவர்களில் 73 வீதம் பேர் எட்டுக் கிழமைக்குள் விளையாடத் தகுதியானார்கள், கிடைக்காதவர்களில் 7 வீதம். இப்படிப்பட்ட பிசியோ பெரும்பாலும் தனியார் கிளினிக்கில்தான் இருக்கிறார்கள், வேலையிடக் காப்புறுதி இல்லாத வீடுகளுக்குக் கைக்காசு. பிள்ளைக்கு எது கிடைக்கும் என்பதை அப்பாவின் வேலை தீர்மானிக்கிறது. இது எனக்குச் சரியான கோபம்.

நாள் கணக்கையும் ஒருக்கால் கவனியுங்கள். பிரித்தானிய அரசு 2023இல் கழக, பள்ளிக்கூட விளையாட்டுகளுக்குச் சொன்னது குறைந்தது 21 நாள், அதிலும் அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் போன பிறகுதான் உடலோடு மோதுகிற பயிற்சி. குறைந்தது என்று எழுதியிருப்பதை எங்கள் கோச்மார் "இருபத்தோராம் நாள் மட்ச்" என்று வாசிக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்: உங்கள் பிள்ளையின் அணியில் சீசன் தொடங்க முன்னர் சமநிலைச் சோதனை எடுக்கிறார்களா? ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இந்த வேலை தெரிந்த, தமிழும் கதைக்கிற பிசியோ யாரும் இருந்தால் கிளினிக்கின் பெயரைக் கமெண்டில் போடுங்கள், இரண்டு அம்மாமார் ஏற்கெனவே இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.