மீதி 28 இல்லை, வெறும் 2

மேலே ஒருவர், 100 மாம்பழத்தை 7 வீட்டுக்குப் பிரித்தால் போனில் 14.28 வருகிறது, அதனால் வீட்டுக்கு 14, மீதி 28 என்று எழுதியிருக்கிறார். 14 சரி. 28 தப்பு.

28 பழம் உண்மையிலேயே மிஞ்சினால் வீட்டுக்கு இன்னும் 4 கொடுத்துவிடலாமே! 7 பேருக்குப் பிரிக்கும்போது மீதி 6-க்கு மேல் வரவே வராது. 7 × 14 = 98, ஆக மிஞ்சுவது 2. புள்ளிக்குப் பின்னால் தெரிவது பழத்தின் எண்ணிக்கை இல்லை, ஒரு பழத்தின் பின்னம். அதை 7-ஆல் பெருக்கினால் (0.2857… × 7) அதே 2 வந்து நிற்கும்.

அந்த 2 பழத்தை என்ன செய்வது? எங்கள் சேலம் வீட்டில், மிஞ்சியதை அங்கேயே அறுத்துத் துண்டு போட்டுவிடுவோம். கொட்டையைச் சப்ப மட்டும் சண்டை வரும், அதற்குக் கணக்கில் வழி இல்லை. அப்புறம், மல்கோவா எல்லாம் ஒரே அளவில் இருக்காது. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு வீட்டுக்குக் குண்டு குண்டாகப் போய்விடும். அதனால் பெரியது சிறியது கலந்து கூறு வைத்து, சீட்டுப் போட்டு எடுப்பதுதான் நியாயம்.

இன்னொருவர் மீதியை எப்போதும் விட்டுவிடலாம் என்கிறார். 50 பேர் ஏற்காடு போக 12 பேர் உட்காரும் வேன் 4 பேசினால், மிச்சமுள்ள 2 பேர் 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தா ஏறுவார்கள்? 5 வேன் வேண்டும்.