ஓதம் சுண்ணாம்பால் வருவதன்று

கோவை ராஜ வீதிப் பக்கத்துச் சந்துகளில் பாழடைந்து கிடக்கும் தொட்டிக்கட்டு வீடுகளை (நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய வீடுகள்) பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் ஒரு திருத்தம் தேவை. "சுண்ணாம்புக் காரைக்கு வலு கிடையாது, அதனால்தான் ஓதம் ஏறுகிறது, சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும், இல்லையேல் இடிப்பதே வழி" என்கிறார். நடப்பது இதற்கு நேர்மாறானது.

ஓதம், அதாவது நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறுவது, எந்தப் பழைய சுவருக்கும் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது என்பதால் அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடுகிறது. அடர்ந்த சிமெண்ட் பூச்சோ அதை உள்ளேயே அடைத்துவிட, வழி கிடைக்காத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, கரைந்திருந்த உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே படியவிட்டுக் கல்லைப் பொடியாக்குகிறது. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருந்த வெள்ளை உப்புப் பூப்பு, சிமெண்ட் பூசிய சில ஆண்டுகளில் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. பூச்சைத் தட்டியபோது அது தகடாகக் கழன்றது, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. (கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டது நாங்கள்தான்.)

கோவையை ஒட்டிய மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930களில்தான். அதற்கு முந்தைய வீடுகள் சுண்ணாம்பை நம்பியே நின்றன. இடிக்கும் முடிவுக்கு முன், சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வடிய வழி செய்து, சுவரை நன்கு உலரவிட்டுச் சுண்ணாம்பே பூசிப் பார்க்கலாம். உத்திரம் உளுத்துப்போன வீடுகளின் கதை வேறு.